கஸ்பார் பேரில் வாசித்த ஓலை

லூர்தம்மாள் தன் தங்கச்சி மேல் கொண்ட பொறாமையை ஒருநாளும் மூடி வைத்ததில்லை. களை எடுக்கப் போன இடத்தில்கூட, "எங்க தெரசாளப் பாத்தா எனக்கு வவுறு எரியுதுங்க, பொய்யா சொல்லச் சொல்றீங்க" என்று பக்கத்து வரிசைப் பெண்களிடம் சொல்லிவிட்டுத்தான் குனிவாள். வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். அவளுக்குக் குறையவில்லை. சொல்லச் சொல்ல ஏறிக்கொண்டுதான் போனது.

அவள் பக்கம் நியாயமும் இருந்தது. பாலக்கோட்டுக்கு மேற்கே இருந்த அந்தக் கிறிஸ்தவ ஊரில் அவர்களுக்குக் கொஞ்சம் புன்செய் நிலம். மூத்தவளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி அப்பாவோடு ராகிக் கொல்லைக்கு அனுப்பினார்கள். அவள் உழைப்பில் விளைந்ததைக் கொண்டு இளையவளை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்து, ஆசிரியை டிரெய்னிங்குக்கும் அனுப்பினார்கள். மூத்தவளை அதே ஊரில் மரியசூசை என்ற சம்சாரிக்குக் கட்டிவைத்தார்கள். நல்ல மனுஷன்தான். முப்பத்தைந்து வயதில் முன்மண்டை வழுக்கை, பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல ஒரு மௌனம். தெரசாளோ குடை பிடித்துக்கொண்டு, வெளுத்த சேலையில், காலையும் மாலையும் லூர்தம்மாள் வேலை செய்யும் கொல்லையை ஒட்டித்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். வேறு வழி அந்த ஊரில் இல்லை. அதற்கும் லூர்தம்மாள் தங்கச்சியைத்தான் நொந்துகொண்டாள்.

அப்பா செத்த பிறகு அம்மா மிக்கேலம்மாள் தெரசாளோடு இருந்தாள். லூர்தம்மாள் போனால் அம்மா கொடுப்பது கூழ். டீச்சர் வந்தால் காப்பி. இதைக் கண்ணால் பார்த்தவள் எரியாமல் என்ன செய்வாள்?

அந்த எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போல 1968 கடைசியில் மாப்பிள்ளை வந்தான். பேர் கஸ்பார். பெங்களூரில் ஒரு மில்லில் வேலை. சொந்த ஊர் ஏரியூருக்கு அந்தப் பக்கம். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டார்கள், கூடப்பிறந்தவர்கள் இல்லை. தருமபுரியில் ஒரு திருவிழாவில் தெரசாளைப் பார்த்தானாம். பிஸ்கட் டப்பாவோடு நேரே வீட்டுக்கு வந்து, "உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கேன் அம்மா" என்று சொன்னான். இடையிடையே கன்னட வார்த்தை விழுந்த அவன் பேச்சு கேட்க நன்றாகத்தான் இருந்தது. சொந்தப் பங்குக் கோயிலிலிருந்து தபாலில் தருவித்த ஞானஸ்நான சர்டிபிகேட்டைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டான். சாமியார் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றார்.

"மாமியா இல்லாத வூடு. கசக்குதா?" என்று மிக்கேலம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

லூர்தம்மாளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. அவன் தலைமுடியைப் பார்த்தாள்: கறுகறுவென்று, எண்ணெய் தடவி மேலே தூக்கிச் சீவியது. கையில் கடிகாரத்தைப் பார்த்தாள். தெரசாள் நடக்கும்போது வெயில் படாமல் அவன் குடையைச் சாய்த்துப் பிடிப்பதைப் பார்த்தாள். மரியசூசை ஒருநாளும் அவளுக்குக் குடை பிடித்ததில்லை. அவர்கள் வீட்டில் குடையே கிடையாது. புருஷனைப் பார்த்துக் குடை வாங்கச் சொன்னாள். "மழைக் காலம் முடிஞ்சிருச்சே" என்றான் அவன். இப்படிப்பட்டவனோடு வாழ்கிறவள் மற்றவன் பிடிக்கிற குடையை வெறித்துப் பார்க்காமல் இருப்பாளா? பார்த்தாள். அவன் எப்படி உட்காருகிறான், எந்தக் கையால் மீசையைத் தடவுகிறான், சாப்பிட்டுவிட்டு எங்கே கை துடைக்கிறான், எல்லாம் பார்த்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவள்கூட அவனை அத்தனை உற்றுப் பார்த்திருக்க மாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்தில் கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணம் கிடையாது. கிறிஸ்துமஸ் கழிந்து, மூன்று ராசாக்கள் திருநாளும் கழிந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகு கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். இடையில் டிசம்பர் மூன்றாம் தேதி சவரியார் திருநாள் வந்தது. மாப்பிள்ளையையும் அழைத்திருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புனிதரின் திருநாளோ அந்தப் பேர் கொண்ட ஆம்பிளைகள்தான் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுக்க வேண்டும். சப்பரம் கோயில் வாசலைத் தாண்டிய பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். சுற்றுவட்டாரக் கிறிஸ்தவ ஊர்களிலும் இதே கதைதான். நடை பழகின பையனிலிருந்து கிழவன் வரை, வருஷத்தில் அவனவனுக்கு ஒருநாள் அந்தப் பெருமை.

பூசை முடிந்தது. "சவரி பேருள்ளவங்க வாங்கப்பா" என்று கோயில் உபதேசியார் குரல் கொடுத்தார். சவரிமுத்துகளும் சவரியப்பன்களும் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, தண்டு அழுத்தாமல் இருக்க வலது தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார்கள்.

கஸ்பாரும் துண்டை எடுத்தான். நாலாக மடித்தான். வலது தோளில் வைத்தான். ஒரு எட்டு எடுத்து வைத்தான்.

பிறகு நின்றான். துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நகர்ந்தான்.

ஊரே சப்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெரசாள் தலைகுனிந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் லூர்தம்மாள் ஒருத்திதான்.

அன்று சாயந்திரம் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த புருஷனிடம் போய் நின்றாள். "அவன் பேரு கஸ்பாரு இல்லீங்க. அவன் சவரி."

மரியசூசை தட்டை உதறிப் போட்டான். "தூக்கலாம்னு ஆசப்பட்டிருப்பான்."

"பேருக்காரங்க தூக்குற வரைக்கும் மத்தவன் துண்ட மடிப்பானா? நீங்க மடிப்பீங்களா?"

"மடிக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டான். "ஆனா நீ சொன்னா யாரு நம்புவாங்க? வவுறு எரியுதுன்னு நீயே ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கியே" என்றான்.

பேசாதவன் பேசினால் இப்படித்தான்.

அவன் சொன்னபடியேதான் நடந்தது. அம்மாவிடம் போனாள். மிக்கேலம்மாள் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. வயித்துல சுமந்தவ சொல்றேன், உன் கண்ணு இந்த வூட்டு மேல படாம இருந்தாப் போதும்" என்று சொல்லி, கூழைக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள். தெரசாள் தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் லூர்தம்மாளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் டீச்சர் குரலில் மெதுவாகத்தான் பேசினாள்.

"எனக்கு வேல கெடச்சப்ப, சாமியார் சிபாரிசுன்னு சொன்னே. இப்ப இது. எனக்கு ஒரு நல்லது நடந்தா உனக்கு என்னக்கா செய்யுது?"

லூர்தம்மாள் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. துண்டு மடித்தது நிஜமா, தன் கண்ணில் இருந்த எரிச்சல் மடித்துக் காட்டியதா? பொறாமைக்காரிக்கு இது ஒரு தண்டனை. கண்ணெதிரே கண்டதையும் தானே நம்ப முடியாது.

அப்புறம் கோபம் வந்தது. நாசமாகப் போகட்டும். நம்பாதவர்களுக்கு எதற்காக நான் உழைக்க வேண்டும்? கிறிஸ்துமஸ் வந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தாள். முதல் ஓலை வாசித்தார்கள். "ஏரியூர்ப் பக்கத்துப் பங்கைச் சேர்ந்த கஸ்பார் என்பவருக்கும், நம் பங்கைச் சேர்ந்த தெரசா என்பவருக்கும்" என்று சாமியார் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்று முடித்தார். லூர்தம்மாள் முக்காட்டுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் கடித்தாள். பாவம், கோயிலுக்குள் இருக்கிறோம் என்ற நினைப்புகூட இல்லை. மாப்பிள்ளை யாரோ எவனோ, டீச்சரம்மா கட்டிக்கொண்டு படட்டும் என்று உள்ளுக்குள் தித்தித்தது.

இரண்டாம் ஓலையன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து ராகி அரைக்கும்போது, அந்தத் தித்திப்பைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம் என்று கல்யாணத்துக்குப் பிறகு நடக்கப்போவதை நினைத்துப் பார்த்தாள். அவன் குட்டு வெளியாகிறது. தெரசாள் திரும்பி வருகிறாள். ஊரே கூடுகிறது. அய்யோ பாவம் டீச்சர், எப்படிப்பட்ட பெண்ணுக்கு இந்தக் கதியா என்கிறது. சாமியார் வந்து ஆறுதல் சொல்கிறார். அம்மா இனி சாகிற வரைக்கும் அவள் முகத்தைத் தவிர வேறு முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

அரைக்கிற கை நின்றுவிட்டது. நல்லது நடந்தாலும் அவளுக்கே, கெட்டது நடந்தாலும் அவளுக்கேயா? சந்தோஷத்தைத்தான் எடுத்துக்கொண்டாள், துக்கத்தையும் அவளுக்கே தூக்கிக் கொடுப்பதா? லூர்தம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை. தாயும் தகப்பனும் செத்தாலும், ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தின ஞானத்தாய் ஒருத்தி இருந்தாக வேண்டுமே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞானத்தாய் இல்லாமல் ஞானஸ்நானம் ஏது? கல்யாணத்துக்குக் கோடிச் சேலை எடுத்துக் கொடுத்து அவளை அழைக்காத மாப்பிள்ளையும் உண்டா?

மறுநாள் விடிந்ததும், ஒரு நேர்ச்சை இருக்கிறது என்று புருஷனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். தருமபுரியில் மாறி, பென்னாகரத்தில் மாறி, ஏரியூரில் இறங்கி, உச்சி வெயிலில் நடந்து, கஸ்பாரின் ஞானத்தாய் யார் என்று கோயிலடியில் விசாரித்தாள். இசபெல்லா என்று வீட்டைக் காட்டினார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை வாசலில் கொள்ளுச் செடியைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கஸ்பாருக்கு ஞானத்தாய் நீங்கதானுங்களா?"

"இருந்தேன்." தடி நிற்கவில்லை. "இப்ப இல்ல. கிறிஸ்துமஸுக்கு வந்து எங்கையால சோறு தின்னுட்டுப் போனான். ஒரு வார்த்த சொன்னானா? இங்க கோயில்ல ஓல வாசிக்கிறாங்க, அத்தன பேரும் எம் மூஞ்சியப் பாக்குறாங்க. டீச்சர்காரி கெடச்சிட்டா, ஞானத்தாய் கசந்துட்டேன்."

"சாமியார்கிட்டப் போய்க் கேக்க வேண்டியதுதானுங்களே?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அவனே வந்து காலப் புடிக்கட்டும்னு இருக்கேன்."

லூர்தம்மாளுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். தன் வீட்டுக் குரல்தான். பொறாமைக்குப் பொறாமையை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. இசபெல்லா மட்டும் வீம்பை விட்டுச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் ஓலையோடு கதை முடிந்திருக்கும். வீம்பு பிடித்த பெண்பிள்ளைகள் இரண்டு பேர் ஆளுக்கொரு ஊரில் வாயை மூடிக்கொண்டிருந்ததில்தான் ஒருத்தன் பேரை இன்னொருத்தன் போட்டுக்கொண்டு சுகமாகத் திரிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் லூர்தம்மாள். "உங்க பையன் தலைய எண்ண தடவி மேல தூக்கிச் சீவுவாருங்களா?"

இசபெல்லா தடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சீவறதுக்கு என்னா இருக்குது? அவனுக்கு மண்ட பூரா வழுக்க."

லூர்தம்மாள் கொள்ளுத் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைப்பதற்கில்லை. தான் கண்டது நிஜம். தன் கண் பொய் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் இசபெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, மூன்றாம் ஓலைக்கு வந்துவிடச் சொன்னாள்.

மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு மிக்கேலம்மாள் வீட்டில் விருந்து. முந்தின நாளே வந்து லூர்தம்மாள் வீட்டில் தங்கியிருந்த இசபெல்லா, கோயிலில் முக்காடு போட்டுக்கொண்டு ஓலையைக் காதால் கேட்டாள். பூசை முடிந்ததும் லூர்தம்மாள் அவளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். வாசலில் மரியசூசையை நிறுத்தினாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, நின்றான்.

உள்ளே இலை போட்டிருந்தது. அவன் உட்கார்ந்திருந்தான்.

"உங்க ஞானத்தாய் வந்திருக்காங்க" என்றாள் லூர்தம்மாள்.

கெட்டிக்காரன்தான். ஒரு நொடி முகம் செத்தது. அடுத்த நொடி எழுந்து கைகூப்பிவிட்டான். "ஆத்தா, நல்லா இருக்கீங்களா? நான்தான் கஸ்பாரு. சின்ன வயசுல பாத்தது, அடையாளம் தெரியலீங்களா?"

இசபெல்லா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கிறிஸ்துமஸுக்குப் பாத்தனே, சாமி. இந்த ஒரு மாசத்துல உனக்கு எப்பிடி இத்தன முடி மொளச்சுது?"

அவன் வாசலைப் பார்த்தான். வாசலில் மரியசூசை நின்றான். அவ்வளவுதான், இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான்.

சாமியார் வந்து விசாரித்ததில் எல்லாம் வெளிவந்தது. அவன் பேர் சவரிமுத்து. கோலார்ப் பக்கம் பெண்டாட்டியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சொந்தப் பேரில் என்றால் அந்த ஓலையை அவன் பங்கிலும் வாசிப்பார்கள், மாமனார் ஊரே எழுந்து நின்றிருக்கும். கஸ்பார் பெங்களூரில் அவனோடு ஒரே ரூமில் இருந்தவன், கல்யாணமாகாதவன். வேலை முடிந்து படுத்துக்கொண்டு பேசுகிற பேச்சில் தகப்பன் பேர், தாய் பேர், ஞானஸ்நானம் வாங்கின கோயில் என்று கள்ளமில்லாமல் எல்லாம் சொல்லியிருக்கிறான். அதை வைத்து, தானே கஸ்பார் என்று பங்குக்குக் கடிதம் எழுதி சர்டிபிகேட் வாங்கிவிட்டான் இவன். ஞானத்தாய் ஒருத்தி இருப்பதையும், கஸ்பார் வருஷம் தவறாமல் அவளைப் பார்க்க வருவதையும் விசாரிக்க விட்டுப்போனது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அந்த ஆயிரத்தில் மாப்பிள்ளையின் பேரையே யாரும் சேர்த்ததில்லை. இனிமேல் வெளியூர் மாப்பிள்ளை யாரானாலும் அவன் ஊர் ஆள் ஒருவர் நேரில் வந்து இவன்தான் அவன் என்று சொல்லாமல் ஓலை கிடையாது என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனைப் போலீசில் ஒப்படைக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஊருக்கு லூர்தம்மாள் அன்று வேறு ஆளாகிவிட்டாள். "தானாடாட்டியும் தன் சத ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. கூடப்பொறந்த பாசம், எவ்ளோ தூரம் போயிருக்குது பாரு" என்று களை எடுக்கிற பெண்களே சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே நாக்கில் ஒட்டவில்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். தெரசாள் வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. லூர்தம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"மொத ஓலைக்கே உனக்குத் தெரியும்" என்றாள் தெரசாள்.

"சந்தேகம்தான்."

"ரெண்டாவதுக்கும் வாயத் தொறக்கல."

"தொறக்கல. நீ நாசமாப் போவட்டும்னு இருந்தேன்."

தெரசாள் தலையாட்டினாள், வகுப்பில் பிள்ளை சரியான விடை சொன்னது போல. "பாசம் பாசம்னு காலையிலருந்து கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நீயாவது நெசத்தச் சொன்னியே. அப்பறம் ஏன் ஏரியூருக்குப் போனே?"

லூர்தம்மாள் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "நீ வந்து அழுதா, அம்மா உன்னைத்தான் மடியில போட்டுக்கும். அதப் பாக்க என்னால முடியாது."

தெரசாள் அவளை வெகுநேரம் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று தோன்றியது, சிரிக்கவில்லை.

"அம்மா உள்ளதான் ஒக்காந்திருக்குது. என்னக் கூப்புட்டுச்சு. எனக்குப் போவப் புடிக்கல. மடி சும்மாத்தான் கெடக்குது. நீ போக்கா."

கேலியா என்று லூர்தம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. மூன்று பிள்ளை பெற்றவள், எனக்கெதற்கு மடி என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கால் அதற்குள் நடந்துவிட்டது.

உள்ளே மிக்கேலம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் முந்தானையை எடுக்கவில்லை. அழுத குரலில், "தெரசாளா? வா கண்ணு" என்றாள்.

லூர்தம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு, "ம்" என்று சொல்லிவிட்டு, தரையில் படுத்து, தலையை அந்த மடியில் வைத்துக்கொண்டாள்.